கவிழ்த்து வைத்த போசி

மூன்று பிரேக் கட்டைகளை மாட்டியாயிற்று. பின்சக்கரத்தின் இடதுபக்கம் மட்டும் பாக்கி. சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் தரையில் ஊன்றித் தலைகீழாக நின்றது. சில்வஸ்டர் முக்காலியில் உட்கார்ந்து ஸ்பேனரை நீட்ட, மகள் எல்சா குந்தியிருந்து நட்டை முறுக்கிக்கொண்டிருந்தாள். ஜனவரி மாதத்தின் கடைசி ஞாயிறு. பூசை முடிந்து வந்திருந்தார்கள். குன்னூரில் பனி விலகி வெயில் அப்போதுதான் வாசலுக்கு வந்திருந்தது.

"மூடுன பக்கம் முன்னால இருக்குதா, கண்ணு?"

"இருக்குப்பா. மூணு தடவை கேட்டுட்டீங்க."

"நானா கேக்கறேன்? என் கழுத்து கேக்குது. மலை இறங்கப் போறது அதுதானே."

பிரேக் ரப்பர் ஒரு சின்னத் தகரக் கூட்டுக்குள் உட்காரும். கூட்டின் ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை திறந்திருக்கும். மூடிய முனை முன்பக்கம் பார்க்க வேண்டும். மாற்றி மாட்டினால், பிரேக் பிடிக்கப் பிடிக்கச் சக்கரம் ரப்பரைத் திறந்த வழியே இழுத்துக்கொண்டு போய்விடும். கையால் சுற்றிப் பார்த்தால் தெரியாது. இரண்டு நாள் ஓட்டினால்கூடத் தெரியாது. ஒரு நாள் கட்டை இருக்கும். மறுநாள் வெறும் கூடு இருக்கும்.

எல்சாவுக்கு இதெல்லாம் தெரியும். கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் பரிசோதனைப் பிரிவு இஞ்சினியர். எது எங்கே கழன்றுகொள்ளும் என்று முன்கூட்டி யோசிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

நாலாவது கட்டையைக் கையில் எடுத்தபோது போன் அடித்தது. ஞாயிறு ஷிப்டில் ஒரு பம்ப் அழுத்தம் தாங்கவில்லையாம். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஒன்பது நிமிடம் பேசினாள். பேச்சு முடிந்தபோது நாலாவது கட்டை தன் இடத்தில் இருந்தது. மாட்டியது அவள் கைதான். எப்படி மாட்டியது என்று கேட்டால் கைக்குத்தான் தெரியும்.

சில்வஸ்டர் சைக்கிளை நிமிர்த்தி, பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டு பிரேக்கை அமுக்கினார். சக்கரம் சட்டென்று நின்றது.

"இஞ்சினியர் வேலைன்னா இஞ்சினியர் வேலைதான்" என்றார்.

அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

*

சில்வஸ்டர் முப்பத்தோரு வருடம் ஆற்று மட்டம் பார்த்தவர். அரசாங்கத் தாள்களில் அந்த வேலைக்கு 'கேஜ் ரீடர்' என்று பெயர். குன்னூருக்குக் கீழே, பாலத்தின் தூணை ஒட்டி ஆற்றுக்குள் எனாமல் பூசிய அளவுகோல் ஒன்று நட்டிருக்கும். காலை எட்டு மணிக்குப் போய் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். மாலை ஐந்துக்கு இன்னொரு முறை. மழைக்காலத்தில் மணிக்கு ஒரு முறை. ஆறு லீவு எடுப்பதில்லை. ஆகவே அவரும் எடுக்கவில்லை.

அவர் மனைவி ஞானசுந்தரி, குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்கு யார் வந்தாலும் கல்யாண ஆல்பத்தை எடுத்துக் காட்டுவாள். "பேன்ட்டைப் பாருங்க, முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருக்கு. தாலி கட்ட வர்றதுக்கு முன்னாடி ஆத்துக்குப் போயிட்டு வந்த மாப்பிள்ளை இவர் ஒருத்தர்தான்."

எட்டு மணிக்கு எழுதிய எண்ணைக் கீழே உள்ள கேஜுக்கு போனில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. குன்னூர் ஆறு கல்லாற்றோடு சேர்ந்து, மேட்டுப்பாளையத்துப் பக்கம் பவானியில் கலக்கிறது. அதற்கும் கீழே, சிறுமுகையைத் தாண்டி ஒரு பாலத்தடியில் இன்னொரு அளவுகோல், இன்னொரு ஆள். சில்வஸ்டர் எண்ணைச் சொல்வார். அந்த ஆள் அதையே திருப்பிச் சொல்வார். பிறகு ஆளுக்கு ஒரு வாக்கியம் பேசிக்கொள்வார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அவர் இவருக்கு 'கீழ்கேஜ்'. இவர் அவருக்கு 'மேல்கேஜ்'. வீட்டிலும் அப்படித்தான் பேச்சு. "இன்னைக்குக் கீழ்கேஜுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்பார் சில்வஸ்டர், டீயை உறிஞ்சியபடி. கீழ்கேஜுக்கு ஒரு பெயர் இருக்கும் என்று எல்சாவுக்குத் தோன்றியதே இல்லை.

ஓய்வு பெற்ற மறுவருடம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. முப்பத்தோரு வருடம் ஒரே தூணடியில் நின்று தண்ணீரைக் கீழே அனுப்பியாயிற்று. அது போய்ச் சேரும் வழியை ஒரு முறை பார்க்க வேண்டும். பஸ்ஸில் போனால் ஆறு தெரியாது. ரயிலில் போனால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. எனவே சைக்கிள். முதல் நாள் பர்லியார், இரண்டாம் நாள் மேட்டுப்பாளையம், மூன்றாம் நாள் கீழ்கேஜ், நாலாம் நாள் பவானிசாகர் அணை. அங்கிருந்து சைக்கிளை பஸ் மேலே ஏற்றிக்கொண்டு வீடு. நாலு நாளுக்கு நாலு தாள். தாளில் சாலையே இல்லை. ஆறு மட்டும் ஒரு கோடாக, குறுக்கே பாலங்கள், பக்கத்தில் நேரம்.

"அப்பா, இது மொத்தமே நூறு கிலோமீட்டர் வராது. ரெண்டு நாள்ல முடிச்சிரலாம்" என்றாள் எல்சா.

"தண்ணி ஒரே நாள்ல போயிரும். நான் தண்ணி இல்லையே."

"தனியா போயி வழி தவறினா?"

இதற்கு ஞானசுந்தரிதான் பதில் சொன்னாள். "எங்க தவறுவாரு? ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் மலை. மாடு கூடத் தவறாது."

திங்கட்கிழமை காலை போனார். பர்லியாரில் இருந்து போன் வந்தது. மேட்டுப்பாளையத்தில் இருந்தும் வந்தது. "கல்லாறு பாலத்துல ரெண்டு மணி நேரம் நின்னேன்" என்றார், யாரோ பரிசு கொடுத்ததுபோல. மூன்றாம் நாள் போன் வரவில்லை. சார்ஜ் தீர்ந்திருக்கும் என்றாள் எல்சா. தீர்ந்துதான் இருந்தது. நாலாம் நாள் சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனில் இருந்து பேசினார்கள்.

*

மாரடைப்பு என்றார் டாக்டர். அணைத் தண்ணீர் ஏறி இறங்கும் கரையில், ஒரு வேலமரத்தடியில் கிடந்திருக்கிறார். மீன் பிடிக்கப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். உடம்பைக் கொடுத்த அன்று ஏட்டு ஒருவர் சாமான்களையும் ஒப்படைத்தார்: ஒரு பை, அணைந்துபோன போன், நாலு தாள், சைக்கிள். கூடவே சோறு கட்டிக்கொண்டு போகும், மூடி போட்ட ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி.

"சைக்கிள் விழுந்து கெடந்துதுங்க. இந்தப் போசி கல்லு மேல கவுத்து வெச்சிருந்துது. மூடி பக்கத்துல" என்றார் ஏட்டு.

எல்சா மனதில் முதல் வாக்கியம் மட்டும்தான் தங்கியது.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் சைக்கிளைத் துடைக்கப் போனாள். பின்சக்கரத்தின் இடதுபக்கம் வெறும் கூடு இருந்தது. ரப்பர் இல்லை. கூட்டின் திறந்த முனை முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் முன்னால் அவள் எவ்வளவு நேரம் குந்தியிருந்தாள் என்று தெரியவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு கேள்வி மட்டும் தொண்டையில் மீன்முள்ளாய்ச் சிக்கிக்கொண்டது. இதயம் நின்றதால் அப்பா விழுந்தாரா, விழுந்ததால் இதயம் நின்றதா? டாக்டரிடம் கேட்டாள். "ரெண்டுமே நடக்கும்மா. எது முதல்லன்னு சொல்ல முடியாது" என்றார் அவர். கம்பெனியில் இப்படி ஒரு அறிக்கை வந்திருந்தால் எல்சா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாள்.

ஞானசுந்தரியின் கவலை வேறு. அவள் போசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாத்திரக் கடையில் வெட்டிக் கொடுக்கும் புள்ளி எழுத்தில், கைப்பிடிக்குக் கீழே பெயர் இருந்தது: சு. மருதாம்பாள்.

"யாருடி இந்த மருதாம்பாள்?"

"எனக்கென்னம்மா தெரியும்."

"முப்பது வருஷமா ஆத்தைத்தான் பாத்துட்டிருக்காருன்னு நெனைச்சேன்" என்றாள் ஞானசுந்தரி. சொல்லிவிட்டு, கணவர் போன பிறகு முதன்முறையாக லேசாகச் சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே அழுதாள்.

மார்ச் முதல் வாரத்தில் எல்சா நாலு நாள் லீவு போட்டாள். சைக்கிளுக்குப் புதிதாக ஒரு கட்டை வாங்கி, இந்த முறை போனை உள்ளே வைத்துவிட்டு மாட்டினாள். நாலு தாள்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஹேண்டில்பாரில் கட்டினாள். எதற்குப் போகிறாய் என்று அம்மா கேட்டபோது, "அந்தப் போசியைக் குடுத்துட்டு வர்றேன்" என்றாள். பொய் இல்லை. பாதி உண்மை.

"கழுவிக் குடுத்துரு. அப்புறம் அந்த மருதாம்பாள் எப்படி இருக்கான்னும் பாத்துட்டு வா."

*

குன்னூரை விட்டுச் சாலை இறங்கத் தொடங்கியதும் ஆறு வலதுபக்கம் பாறைகளுக்கு அடியில் சத்தமாக மட்டும் கேட்டது. ஒவ்வொரு வளைவிலும் இரண்டு பிரேக்கையும் பிடித்து நிறுத்தினாள். வளைவுக்கு வளைவு ரப்பர் சூட்டு வாசனை. ஏழாவது வளைவில் கணக்குப் போட்டாள்: இந்த இறக்கத்தில் இத்தனை முறை பிடித்தால், மாற்றி மாட்டிய கட்டை பர்லியார்கூடப் போய்ச் சேராது. இறங்கிச் சிறிது நேரம் உருட்டிக்கொண்டு போனாள்.

பர்லியாரில் அரசுப் பழத்தோட்டத்துக்கு எதிரே வேலாமணியின் பழக்கடை. அப்பாவின் முதல் தாளில் 'வே.மணி கடை, டீ, 3.40' என்று இருந்தது. வேலாமணி ஐம்பது வயதுப் பெண். ஒரு கையால் குரங்கை விரட்டிக்கொண்டே மறுகையால் பலாச்சுளை எடுப்பவள். சைக்கிளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். செய்தியைக் கேட்டு, கத்தியைக் கீழே வைத்தாள்.

"அடக் கடவுளே. நல்லாத்தானுங்க போனாரு. நாந்தான் கிண்டல் பண்ணினேன்."

"எதுக்குங்க கிண்டல்?"

"சைக்கிள வெச்சுக்கிட்டு நடந்தே வந்தாருங்க. குன்னூர்ல இருந்து இங்க வரைக்கும், ஒரு மிதி மிதிக்கல! 'ஏனுங்க, சைக்கிள் உங்களுக்கா, சைக்கிளுக்கு நீங்களா'ன்னு கேட்டேன். 'ஆத்தப் பாக்க வந்தேனம்மா, ஓட்டுனா ரோட்டத்தான் பாக்கணும்'னாரு. மறுநாள் கல்லாறு வரைக்கும் அப்படித்தான் தள்ளிக்கிட்டே போனாராமா. பஸ் டிரைவருங்க பாத்துட்டு வந்து சொல்லிச் சிரிச்சாங்க."

எல்சா டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மலையில் அப்பா பிரேக்கையே பிடிக்கவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இரண்டு மிடறு டீ குடிப்பதற்குள் மறுபடி ஏறிக்கொண்டது. மலையில் தேயாத ரப்பர், சமவெளியில் இரண்டே நாளில் எப்படித் தேய்ந்துபோகும்? தேய்ந்திருக்க முடியாது. நழுவித்தான் விழுந்திருக்க வேண்டும். அப்படியென்றால் மாற்றித்தான் மாட்டியிருக்கிறாள்.

"மங்குஸ்தான் இருக்குதான்னு கேட்டாரு" என்றாள் வேலாமணி. "ஜூன்லதானுங்க வரும்னேன். 'ஜூன்ல வர்றேன், நல்லதாப் பாத்து எடுத்து வையி'ன்னுட்டுப் போனாரு."

*

இரண்டாம் நாள் மேட்டுப்பாளையம். கல்லாறு பாலத்தில் நின்று பார்த்தாள். இரண்டு மணி நேரம் நிற்க அங்கே என்ன இருக்கிறது என்று முதலில் விளங்கவில்லை. மலையில் பாறைக்குப் பாறை மோதிக்கொண்டு வந்த தண்ணீர் அந்த இடத்தில் சட்டென்று மட்டமாகி, சத்தத்தை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தது. அரை மணி நேரம் கழிந்ததை அவளும் கவனிக்கவில்லை.

போசியைப் பற்றிக் கேட்க வேண்டியது கீழ்கேஜிடம். அவர் பெயரோ ஊரோ அவளுக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். எந்த அளவுகோலுக்கும் காலை எட்டு மணிக்கு ஆள் வந்தாக வேண்டும்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் கிளம்பி, சிறுமுகையைத் தாண்டி, அப்பா மூன்றாம் தாளில் வட்டம் போட்டிருந்த பாலத்தைப் பிடித்தாள். தூணை ஒட்டி வெள்ளை எனாமல் பட்டை தெரிந்தது. ஏழு ஐம்பதுக்குப் படித்துறையில் உட்கார்ந்தாள். ஏழு ஐம்பத்தேழுக்கு, துண்டைத் தலையில் முண்டாசாகக் கட்டிய கிழவர் ஒருவர் மேட்டிலிருந்து பழைய சைக்கிளில் இறங்கி வந்தார். சரிவில் வேகமாக வந்த சைக்கிள், பிரேக்கைப் பிடித்ததும் தண்ணீருக்கு இரண்டடி முன்னால் கச்சிதமாக நின்றது. அவர் இறங்கி, கண்ணைச் சுருக்கி அளவுகோலைப் பார்த்தார்.

"ஒண்ணு புள்ளி ஒண்ணு அஞ்சு" என்றார், ஆற்றிடம்.

"ஒண்ணு புள்ளி ஒண்ணு அஞ்சுங்க" என்றாள் எல்சா பின்னால் இருந்து.

கிழவர் திரும்பினார்.

"நான் மேல்கேஜ் பொண்ணுங்க."

முகம் மலர்ந்தது. "அட, அம்மிணி! எங்க உங்கப்பா? ஊருக்குப் போனதும் மேல்கேஜு நம்மள மறந்துட்டாருங்களா? போன் போட்டா அணைஞ்சே கெடக்குது. ஒரு ராத்திரி எங்கூட்டுல தங்குனதுக்கே இம்புட்டுப் பந்தாவான்னு எங்கூட்டுக்காரிகிட்ட..."

அவள் முகத்தைப் பார்த்து அவர் நிறுத்திக்கொண்டார்.

அவள் சொன்னாள். நீட்டவில்லை: கிழமை, இடம், டாக்டர் சொன்னது. சுப்பண்ணன், அதுதான் கீழ்கேஜின் பெயர், படியில் உட்கார்ந்து முண்டாசை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். ஆறு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இருபத்திரண்டு வருஷம் குரல மட்டுந்தான் பாத்தேன்" என்றார் கடைசியில். "முகத்த ஒரே ஒரு நாள். இப்ப வர்ற புது ஆளு நம்பரச் சொல்லிட்டு டக்குனு வெச்சர்றாரு."

பதில் சொல்ல வாய் திறந்த எல்சா அப்படியே நின்றுவிட்டாள். சுப்பண்ணனின் சைக்கிள் துருப்பிடித்த கிழட்டு வண்டி. பெயிண்ட் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை. ஆனால் பின்சக்கரத்தில் ஒரு பிரேக் கட்டை மட்டும் கரேலென்று புதிதாக இருந்தது. அதன் ஓரத்தில் சிவப்புக் கோடு. ஜனவரியில் அவள் வாங்கிய நாலு கட்டைகளிலும் அதே சிவப்புக் கோடு.

"ஐயா, இந்தக் கட்டை?"

"அது உங்கப்பா மாட்டுனதுங்க. எனக்குப் பிரேக் ரப்பரே கெடையாது, வெறும் கூடுதான். செருப்பக் குடுத்து டயர்ல தேச்சுத்தான் நிறுத்துவேன். அன்னைக்கு இந்தச் சரிவுல எங்கூட வந்தவரு, பாத்துட்டு உசிரே போயிருச்சுன்னாரு. ஊட்டுக்குப் போனதும் தன் வண்டில இருந்து ஒண்ணக் கழட்டிட்டாரு. 'எனக்கு இன்னும் மூணு இருக்குது, முழுக்கச் சமதரை'ன்னாரு."

"எப்படிக் கழட்டுனாருங்க?" எல்சா அந்தச் சக்கரத்தின் முன்னால் குந்தினாள்.

"லேசுல வரலீங்களே! பின்னால உருவலாம்னா கேரியர் கம்பி தடுக்குது. நட்ட லூஸ் பண்ணி, தகரக் கூட்டத் திருப்பிப் போட்டு, முன்னால இழுத்தும் அசையல. அப்புறம் நான் புடிச்சுக்க, அவரு ஸ்குரூ டிரைவரப் போட்டு நெம்பி நெம்பி எடுத்தாரு. கூட்டத் திருப்பி வெக்கக்கூட இல்ல, அப்படியே முறுக்கி விட்டுட்டாரு. 'எம்பொண்ணு மாட்டுனது, அவ்வளவு சுளுவா வருமா'ன்னு அதுக்கும் பெருமை. போன்ல பேசிக்கிட்டே மாட்டுனீங்களாமா?"

எல்சா ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜனவரியில் அவள் கை சரியாகத்தான் மாட்டியிருந்தது. மூச்சு உள்ளே போனது. ஒரு மாதமாகப் போகாத ஆழத்துக்குப் போனது.

*

மருதாம்பாள் சுப்பண்ணனின் மனைவி. அவளைப் பற்றி அம்மாவிடம் சொல்ல நிறைய இருந்தது. வயது அறுபது, வாய் இருபது. செய்தியைக் கேட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் எல்சாவை உட்கார வைத்து அரிசிம்பருப்புச் சோறு போட்டாள்.

"இதேதான் அன்னைக்குக் கட்டிக் குடுத்தேன், அம்மிணி. நெய்யி ஊத்தி. 'பாதி போதும்மா'ன்னாரு. மேல ஒரு கரண்டி சேத்துத்தான் போட்டேன்."

எல்சா பையிலிருந்து போசியை எடுத்து நீட்டினாள். மருதாம்பாள் கையை நீட்டவில்லை.

"வெறும் போசியா?"

எல்சாவுக்குச் சுருக்கென்றது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று எல்லா வீட்டிலும் சொல்வதுதான். அம்மா கழுவச் சொன்னாள், கழுவினாள். அதற்கு மேல் அந்த ஒரு மாதத்தில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

"மன்னிச்சுக்கங்கம்மா, தோணவே இல்ல."

"ஐயோ, நீ எதுக்குச் சாமி மன்னிப்புக் கேக்கற? துக்க ஊட்டுல எதுதான் தோணும்." மருதாம்பாள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். "நான் கேக்கல. உங்கப்பா சொல்லிட்டுப் போனதச் சொல்றேன். இந்த மனுசன் இருக்காரே, இருபது வருஷமா போன்ல, 'மங்குஸ்தான் மங்குஸ்தான்ங்கறீங்களே, ஒரு நாளு கண்ணுல காட்டுனீங்களா'ன்னு உங்கப்பாவ நோண்டிக்கிட்டே இருப்பாரு. போசியக் கையில வாங்குனதும் அவரு, 'இத வெறுமையாத் தர மாட்டேன் மருதாம்பா, ஜூன்ல ரொப்பித்தான் தருவேன்'னாரு. அவரு வாக்கு. நான் வாங்குனா அவரு வாக்கு என்னாகறது?"

சுப்பண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க" என்றாள் எல்சா. போசியைப் பைக்குள் வைக்கப் போனவள் நின்றாள். "சாப்பிட்டாரான்னு தெரியல. அதுதான் ஒண்ணு மனசுல இருக்குது."

"போசி எப்படி வந்துச்சு உங்க கைக்கு?"

"காலியா. கழுவியிருந்துச்சு. கல்லு மேல கவிழ்த்து வெச்சிருந்தாராம்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டாள். ஏட்டு அன்றைக்கே சொன்னதுதான். கவிழ்த்து வைத்திருந்தது. விழுந்து அடிபட்டவர் போசியைக் கழுவி, கல் தேடி, தண்ணீர் வடியக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருக்க மாட்டார்.

"அப்பச் சாப்பிட்டிருக்காரு, கழுவியிருக்காரு, மரத்தடில சாஞ்சிருக்காரு" என்றாள் மருதாம்பாள், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல. "பொறகென்ன?"

"சைக்கிள் விழுந்து கிடந்துச்சுன்னாங்க."

சுப்பண்ணன் கூரையிலிருந்து பார்வையை இறக்கினார். "எங்க, அந்த வேலமரத்துக் கரையிலயா? அங்க எவன் வண்டி நிறுத்துனாலும் விழும் அம்மிணி. அது வண்டல். வா, காட்டறேன்."

ஏழு கிலோமீட்டர். இருவரும் முன்னும் பின்னுமாக மிதித்தார்கள். அணைத் தண்ணீர் பின்வாங்கிப் போன கரை, மேலே காய்ந்து வெடித்து, உள்ளே ஈரமாகக் கிடந்தது. தூரத்தில் பரிசல் ஒன்று. வேலமரம் சின்ன மரம்தான். ஆனால் நிழல் முழு ஆளுக்குப் போதும். அதற்குக் கீழே தட்டையான கல் ஒன்று.

எல்சா சைக்கிளை மரத்துக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சைக்கிள் அசையாமல் நின்றது. ஸ்டாண்டின் கால் வண்டலுக்குள் மெல்ல மெல்ல இறங்கியது, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். நாலாவது நிமிடத்தில் சைக்கிள் ஒரு பெருமூச்சு விட்டதுபோலச் சாய்ந்து விழுந்தது.

நிமிர்த்தி, வேறு இடத்தில் நிறுத்தினாள். ஆறு நிமிடம். விழுந்தது.

மூன்றாம் முறை நிறுத்தினாள். கம்பெனியில் எந்தச் சோதனையும் மூன்று முறை. மூன்றரை நிமிடம்.

"போதும் அம்மிணி. வண்டிக்கு வலிக்கும்" என்றார் சுப்பண்ணன்.

எல்சா சிரித்தாள். சத்தம் போட்டுச் சிரித்தாள். பரிசல்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பா இந்தக் கல்லில் உட்கார்ந்து நெய் ஊற்றிய சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார். தண்ணீரைப் பார்த்திருக்கிறார். மட்டம் எவ்வளவு என்று மனசுக்குள் சொல்லிப் பார்க்காமலா இருந்திருப்பார்? போசியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சாய்ந்திருக்கிறார். சைக்கிள் அதற்கு முன்னால் விழுந்ததோ பின்னால் விழுந்ததோ, அவரோடு சேர்ந்து விழவில்லை.

கல்லில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். இந்த அழுகையில் கேள்வி எதுவும் இல்லை. சுப்பண்ணன் தள்ளிப் போய் ஆற்றைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டார்.

*

நாலாம் நாள் அணை வரை மிதித்து அப்பாவின் கடைசித் தாளை முடித்துவிட்டு, சைக்கிளை பஸ் மேலே ஏற்றிக்கொண்டு திரும்பினாள். பிரேக் கட்டை விஷயத்தை அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் முழுதாகச் சொன்னாள், முதலிலிருந்து.

ஞானசுந்தரி கரண்டியைக் கீழே வைத்தாள். "இதுக்குத்தானா ஒரு மாசமா சரியாச் சாப்பிடாம இருந்தே? என்கிட்டச் சொல்லியிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே. உங்கப்பா இறக்கத்துல சைக்கிள் ஓட்டற ஆளா? கல்யாணம் ஆன புதுசுல என்னை கேரியர்ல உக்கார வெச்சு, மார்க்கெட் வரைக்கும் தள்ளிக்கிட்டே போனவரு."

பிறகு போசியைப் பார்த்தாள். "இது எதுக்கு மறுபடி வந்திருக்கு?"

எல்சா சொன்னாள்.

"மருதாம்பாள் சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றாள் ஞானசுந்தரி சற்று யோசித்து. "நல்லவதான் போல."

மறுநாள் கோயமுத்தூர் போகும் வழியில் எல்சா பர்லியாரில் பஸ்ஸை விட்டு இறங்கி வேலாமணியிடம் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு போசி அளவு. நல்லதாகப் பார்த்து. வேலாமணி தோட்டத்தின் பக்கம் கையைக் காட்டினாள். மங்குஸ்தான் மரங்கள் கருகருவென்று இலையோடு நின்றன. பிஞ்சுகூட இல்லை.

"ஜூனுங்க" என்றாள்.

இப்போது ஏப்ரல். போசி குன்னூர் வீட்டுச் சமையலறையில், பெயர் வெளியே தெரியும்படி, மூடி போட்டுக் காலியாக இருக்கிறது.